மூன்று முறை திரும்பிய பிராது

சிவில் கேஸ் நீதிபதிக்கு முன்னால் தொடங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னலில் தொடங்குகிறது. அந்த ஜன்னலுக்கு உள்ளே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வக்கீல் குமாஸ்தாக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரிட்டன்'. நேரில் 'சார்', அந்தப் பக்கம் போனால் 'ரிட்டன்'.

கேஸ் போட வருகிறவர் பிராதை எழுதிக் கட்டி ஜன்னலில் நீட்டுவார். யார் யார் மேல் போடுகிறார், எங்கே குடியிருக்கிறார்கள், என்ன நடந்தது, எந்தத் தேதியில், கோர்ட்டு என்ன செய்து தர வேண்டும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீடு, நிலம் என்றால் நாலு பக்க எல்லையும் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, எதிராளிக்குக் கொடுக்க ஒரு நகல். இவர் புரட்டிப் பார்த்துச் சரி என்றால் நம்பர் விழும். நம்பர் விழுந்தால்தான் அது கேஸ். அதுவரை வெறும் காகிதம். குறை இருந்தால் ஒரு சீட்டில் எழுதி மேலே குத்தித் திருப்பிவிடுவார். திருத்திக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

குறை கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"நேத்து என் கட்டைத் திருப்பிட்டாருப்பா. நூல் தொளதொளன்னு இருக்காம்."

"உனக்காவது நூலு. எனக்கு ஓரத்துல கைரேகை தெரியுதாம். நான் என்ன கேஸ் போட வந்தேனா, திருட வந்தேனா?"

இதெல்லாம் அவர் காதிலும் விழும். உள்ளுக்குள் பெருமைதான். நீதிபதியின் மச்சான் கொண்டுவந்த கட்டையே திருப்பியவர். தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்க மாட்டார். பிராதில் உள்ள கதையையும் படிக்க மாட்டார். அது நீதிபதியின் வேலை.

அந்த மாதம் இரண்டாம் தேதி ஒரு கட்டு வந்தது. பிரதிவாதி என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. அப்பா பெயர், கதவு எண், எல்லாம் சரியாக. வாதி, அவருடைய தங்கை.

அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்கும் பாதி உண்டு. தையல் வேலை செய்து வாடகை வீட்டில் இருக்கிறாள். கீழே முன்னறையைக் கொடுத்தால் மிஷினைப் போட்டுக்கொள்கிறேன் என்று ஆறு வருஷமாகக் கேட்டாள். "பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா" என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் பேச்சும் நின்றுபோயிற்று. இப்போது வீட்டை முழுசாக மகன் பேருக்கு எழுத இருபதாம் தேதி பதிவுக்கு நாள் குறித்திருந்தார். அது எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிராதோடு, பத்திரப் பதிவுக்குத் தடை கேட்டு ஒரு மனுவும் வைத்திருந்தாள். நம்பர் விழுந்தால் அந்த மனு அன்றைக்கே நீதிபதியின் மேஜைக்குப் போகும்.

சொந்தக்காரர் காகிதம் வந்தால் தொடக்கூடாது, தலைமை எழுத்தரிடம் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அங்கே முறை. அவர் மேஜை நாலு எட்டு தள்ளி இருந்தது. இவர் எழுந்திருக்கவில்லை.

'வடக்கு எல்லை வீடு என்று மட்டும் உள்ளது; யாருடைய வீடு என்று குறிப்பிடவில்லை' என்று எழுதித் திருப்பினார். ஐந்து நாளில் திருத்தி வந்தது. 'நகலில் ஏழாம் பக்கம் கையெழுத்து மங்கலாக உள்ளது.' மறுபடி வந்தது. இந்தத் தடவை ஒன்றுமே கிடைக்கவில்லை. 'வழக்கு எப்படி நிலைக்கத்தக்கது என்று விளக்கவும்' என்று எழுதினார். ஒன்றும் கிடைக்காதபோது எழுதுகிற வரி அது. எழுத்துகூட மாறவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழக்கமான அதே குண்டு குண்டான எழுத்து.

பதினெட்டாம் தேதி காலை தங்கையே வந்துவிட்டாள். கடையிலிருந்து நேரே வந்திருப்பாள் போல, கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அதே கட்டு. பின்னால் வரிசையில் ஆறேழு பேர்.

"வக்கீல் வரலையா?" தலை தூக்காமலே கேட்டார்.

"இல்லைங்க சார். மூணாவது தடவையும் திரும்பினதும் அவருக்கு வெறுத்துப்போச்சு. நானே போய்க் கேக்கறேன்னு வந்தேன்."

சார். நாற்பது வருஷம் 'அண்ணா' என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

"முதல் தடவை, வடக்குல யார் வீடுன்னு எழுதலைன்னு திருப்பினீங்க சார்."

"ம்."

"வடக்குல யார் வீடுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? பந்து விழுந்தா சுவர் ஏறிக் குதிச்சு எடுத்துட்டு வருவீங்க. யாராவது வராங்களான்னு நான் இந்தப் பக்கம் நின்னு பாத்துக்குவேன்."

பின்னால் நின்ற குமாஸ்தா சிரித்தார். "அட, சாருக்கு வேண்டியவங்களா? அப்பவுமா ரிட்டன்?"

"கூடப் பிறந்தவ," என்றாள் அவள் திரும்பாமல். "கேஸே இவர் மேலதான்."

சிரிப்பு அப்படியே நின்றது. யாரோ இருமினார்கள்.

அவள் கம்பிக்கு அருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "யாரு திருப்பறாங்கன்னு வக்கீலுக்குத் தெரியும். ஜட்ஜுக்கு எழுதிடறேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். வேலை போயிடும். அண்ணி என்ன பண்ணுவாங்க, பசங்க என்ன பண்ணுவாங்க? எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். நம்பர் மட்டும் போட்டுக் குடுங்க. நாளன்னிக்குப் பத்திரம்னு எனக்கும் தெரியும்."

அவருக்குக் காது மடல் கொதித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். ரூல் பேசியிருந்தால் ரூலே பேசியிருப்பார். இத்தனை நாள் தன் பெயர் வெளியே வராதது தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவளல்லவா மூடி வைத்திருந்தாள். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். தலைமை எழுத்தரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மேடம், இதை நீங்க பாருங்க."

"ஏன், உங்க கண்ணுக்கே குறை தெரியலையா?"

"என் தங்கச்சி போட்டது. பிரதிவாதி நான். மூணு தடவையும் திருப்பினது நான்தான்."

அந்த அம்மா மூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது முதல் தடவையே நம்பர் ஆகியிருக்கணும்."

"ஆமாங்க மேடம்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அந்த அம்மாவே கட்டைப் புரட்டிச் சரிபார்த்தார். கால் மணி நேரத்தில் நம்பர் விழுந்தது. "நீங்க ஜன்னலுக்குப் போக வேண்டாம். அங்க உக்காருங்க," என்று பீரோ பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அதில் போய் உட்கார்ந்தார். தங்கை அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை. மதியமே தடை உத்தரவு வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் சம்மன் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்த கோர்ட்டுச் சேவகர் அவரோடு தினமும் டீ குடிக்கிறவர். "தப்பா எடுத்துக்காதீங்க சார், இந்த இடத்துல ஒரு கையெழுத்து," என்று நிலைப்படிக்கு வெளியே நின்றபடி பேனாவை நீட்டினார். உள்ளே வாங்க என்று கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை.

மனைவி பிராது நகலை வாங்கி நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். அவள் எல்லாவற்றையும் படிக்கிறவள். அவர் தடுக்கவில்லை.

"நாளைக்குப் பத்திரம்?"

"கிடையாது."

"இது உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ரெண்டாம் தேதியிலேருந்து."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "அத்தையைப் பத்தி எழுதியிருக்கா," என்றாள். அவருடைய அம்மா கடைசி ஒன்றரை வருஷம் மகள் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தார். அந்தப் பக்கத்தை அவர் படித்திருக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தார்.

"அத்தை அங்க இருந்தப்ப நாம ரெண்டே தடவைதான் போய்ப் பாத்தோமாம்."

அவள் காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"மூணு தடவை போனோமே. கோர்ட்டுல சொல்லணும் இதை."

"ரெண்டுதான்," என்றார்.