இரண்டு இஞ்சா, நான்கு இஞ்சா

புது ரப்பர் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு ராயப்பேட்டைதான் ஞாபகத்துக்கு வரும். டயர் கடை வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏற வாடை தெருவுக்கே வந்துவிடும்...

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எனக்குத் தேனாம்பேட்டையில் வேலை. என் மனைவி மாலதியை உங்களில் சிலருக்குத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போதே பிசிக்ஸ் டீச்சர். வீடு அடையாறில். எல்லாரும் கார் வாங்கச் சொன்னார்கள். நான் போய் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்தேன். ஃபோர் வீல் டிரைவ். என்னைவிட நாலு வயதுதான் இளையது.

மாலதி திட்டவில்லை. ஒரே வாரத்தில் அதை என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

ஸ்பிரிங் எல்லாம் தொய்ந்து போயிருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டும். கொல்லிமலைக்குப் போவதாக வேறு இருந்தோம். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், வண்டியை நன்றாக உயர்த்தி, பெரிய டயராகப் போட்டுவிடலாம் என்று எனக்கு ஆசை.

மூன்று சனிக்கிழமை இதற்கே போனது. டயர் கடை, இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் நாசர் பாயின் ஷெட், திரும்ப டயர் கடை... நான் கேட்டது நாலு இஞ்சு உயரம், சேற்றில் ஓடுவதற்கென்று கட்டை கட்டையாகப் பல் வைத்த மட் டயர். மாலதிக்கு இரண்டு இஞ்சு போதும். தார் ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஒத்துவரும் டயர், அதுவும் ஒரு சைஸ் சின்னது.

"வருஷத்துல ரெண்டு நாள் மலைக்குப் போவோம். மிச்ச நாளெல்லாம் நான் இதுல ஸ்கூலுக்குப் போகணும். உயரம் கூடினா வளைவுல சாயும். பசங்களுக்கு நான் நடத்தற பாடமே இதுதாங்க."

"பாக்க எப்படி இருக்கும்னு யோசிச்சியா?" என்றேன். என்னிடம் இருந்த ஒரே வாதம் அதுதான்.

கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள். நாசர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு இஞ்சு ஏத்தலாம் சார். ஆனா முன்சக்கரத்துக் கோணம் மாறிப்பூடும், ஸ்டீரிங் ஆடும். அதையும் சரி பண்ணணும்னா இன்னும் நாலு நாள் வண்டி இங்கயே நிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் வண்டியைப் பார்க்க வீட்டுக்கு வருவதாக இருந்தது. "அத அப்புறம் பாத்துக்கலாம் பாய். இப்போ உயரத்த மட்டும் ஏத்துங்க," என்றேன். மாலதி அப்போது டயர் கடையில் இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

நண்பர்கள் வந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். மாலதி ஐந்தடி உயரம். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினாள். அதில் கயிறு கட்டி, சீட்டில் உட்கார்ந்தபிறகு மேலே இழுத்துக்கொள்வாள்.

புதன்கிழமை காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாலத்து மேல நிக்கிறேன். வாங்க."

அடையாறு பாலத்தின் நடுவில், ஒரு சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறியபடி ஜீப் நின்றிருந்தது. சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்டீரிங் அவள் கையை உதறித் தள்ளியிருக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டனவாம். பக்கத்தில் குழந்தைகளோடு ஒரு ஸ்கூல் வேன். ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, வருகிற வாகனங்களை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா பதறாம மெதுவா ஓரம் கட்டிச்சு சார். வேற ஆளா இருந்தா வேன் மேல உட்டுருப்பான். இன்னா சார் வண்டி இது?"

மாலதி சாவியை இன்னும் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாய் சொன்னதையும் நான் சொன்னதையும் அங்கேயே, பாலத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம். அந்தக் கையைப் பார்த்தபிறகு முடியவில்லை.

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் சாவியக் குடுத்தீங்களா?"

அதே ஆட்டோவில் ஏறி ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வண்டியை நாசர் பாயின் ஆள் வந்து நடை வேகத்தில் ஓட்டிப்போனார்.

வீட்டில் இரண்டு நாள் தேவைக்கு மேல் பேச்சில்லை. சனிக்கிழமை காலை அவளே, "ராயப்பேட்டை போலாமா?" என்றாள்.

ஷெட்டில் முழுக்க அவள்தான் பேசினாள். இரண்டு இஞ்சு. ஸ்டீரிங்கைச் சரி செய்து, பாய் தானே ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் வண்டி வெளியே வர வேண்டும். டயர் அவள் முதலில் சொன்ன சைஸ்.

"மேடம் சொல்றதுதான் கரீக்டு," என்றார் பாய், என் பக்கம் திரும்பாமல்.

கொல்லிமலைக்குப் போனோம். மழையில் ஊறிய மண் பாதையில் ஓர் இடத்தில்கூட வண்டி சிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் அவளே ஓட்டினாள். மேலே போய் இறங்கியதும் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்து, "பாக்கவும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். எனக்காகச் சொன்னது என்று தெரியும்...

மகள் பிறந்தபிறகு ஜீப்பை விற்றுவிட்டோம். இப்போது இருக்கும் வண்டியில் எவ்வளவு உயரம், என்ன ஸ்பிரிங் என்பதெல்லாம் கம்பெனி முடிவு செய்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. ஸ்டீரிங் ஒரு விரலில் திரும்புகிறது. நல்ல வண்டி. குறை ஒன்றும் இல்லை.

போன மாதம் அதற்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. போனில் நாலு தட்டுத் தட்டினேன். வீட்டு வாசலுக்கே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். மாலதி இரண்டு நாள் அதில் ஸ்கூலுக்குப் போய் வந்தாள், கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஏதோ பேச்சில் சொன்னேன்.

"என்ன சைஸ் போட்டீங்க?" என்றாள்.

"பழசு என்ன சைஸோ, அதுதான்."

அவள் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அது என்ன சைஸ் என்று எனக்கும் தெரியாது.