வராத புயலுக்கு வெந்த சோறு

மழை பெய்யும்போது ஊரார் வானத்தைப் பார்ப்பார்கள். மழை விட்டதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பார்கள். தொண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்த வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கமுதிப் பக்கம். இங்கே வாடகை அறையில் தனியாக வாசம். நிவாரணம் கொடுப்பது அரசாங்கம், யாருக்கு இல்லை என்று சொல்வது நான். அடுத்தவர் பணத்துக்குக் காவல் நிற்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நின்ற சுவர்

அடுத்த தெரு ராக்கு அக்கா எனக்கு அடிக்கடி குழம்பு கொடுத்தனுப்புவார். அடைமழையில் அவர் வீட்டு அடுப்படிச் சுவர் இடிந்தது. முழுவீடும் விழுந்தால்தான் பெரிய தொகை. மற்ற சுவர்களும் ஊறிப்போயிருக்கின்றன, எப்படியும் விழத்தான் போகின்றன, முழுச் சேதம் என்றே எழுதக் கூடாதா என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். நிற்கிற சுவரை விழுந்ததாக எப்படி எழுத? பகுதிச் சேதம் என்று எழுதினேன். அதன்பின் குழம்பு வரவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்காவைப் பார்த்தபோது, என்மேல் வருத்தமா என்று கேட்டேவிட்டேன்.

“கோவமெல்லாம் இல்ல தாயி. ஒங்களப் பாத்தா அந்தச் சொவரு ஞாபகம் வருது, அதான்.”

போக்குக் காட்டிய காற்று

புயல் வருகிறது என்றார்கள். கடலோரக் குடும்பங்களை வேன் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். வர மறுத்தவர்களிடம் கெஞ்சினேன். அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் தயாரானபோது, காற்று வடக்கே திரும்பிவிட்டது. சனங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். சோற்றை அக்கம்பக்கத் தெருக்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, காலிப் பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு தணிக்கைக்கு வந்தவர் அந்தச் செலவைத் துருவித் துருவிக் கேட்டார். புயல் வந்திருந்தால் சமைக்க நேரம் இருந்திருக்காது என்றேன். அவர் கெட்டவர் இல்லை, கடைசியில் ஒப்புக்கொண்டார். எழுந்து போகும்போது சொன்னார்:

“வந்த புயலுக்குக் கணக்கு எழுதத் தலைப்பு இருக்கும்மா. வராத புயல எந்தத் தலைப்புல எழுதுறது, நீங்களே சொல்லுங்க.”

புதைத்த மாடு

முனியாண்டி அண்ணன் கூலி வேலைக்காரர். அவருடைய ஒரே கறவை மாடு வெள்ளத்தில் செத்தது. பாதையில் தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்வதற்குள், நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டார். செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தந்தால்தான் நிவாரணம். அண்ணன் குழியைக் காட்டினார்.

அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். நாளைக்கு ஊரில் எல்லோரும் ஒரு குழியைக் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று மேலதிகாரி கேட்டார். கேள்வி நியாயமானது. மனு தள்ளுபடியானது.

போனில் சொல்ல மனசு வராமல், முனியாண்டி அண்ணன் மிளகாய்க்குக் களை வெட்டிக்கொண்டிருந்த காட்டுக்கே போனேன். கேட்டுவிட்டு மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

“இல்லைங்கிறதச் சொல்லவா இம்புட்டு வெயில்ல வந்தீக? போன்ல சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்த வைஞ்சிருப்பேன்ல.”

அரசாங்கப் பணத்தை வீணாக்காதவள் என்று ஆபீஸில் எனக்கு நல்ல பெயர் உண்டு. பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை.