ஊசுட்டேரிக்கு ஒரே கம்பம் நட்ட வேதவல்லி

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தைக்கு வயிறு சரியில்லை. அவள் கண் அயர்ந்த பிறகுதான் எனக்குக் கை ஒழிந்தது. ஏரி ஆராய்ச்சிக்காகக் கூடிய இரு கரைக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வேதவல்லி இறந்த செய்தியை வில்லியனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னவர் ஒரு கரும்பு வண்டிக்காரர். "எதிர்க்கர டீச்சரம்மா போய்ட்டாங்கம்மா. வாந்திபேதி. நேத்தே எரிச்சிட்டாங்க." எங்கள் கரையில் நின்றால் அவள் ஊர்ப் பனைமரங்கள் தெரியும். அது இங்கிலீஷ்காரன் சீமை, இது பிரெஞ்சுக்காரன் சீமை. சாவுச் செய்திகூடச் சுங்கச்சாவடியைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

நானும் அவளும் சென்னையில் ஒரே கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்தோம். நான் கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தேன். அவள் ஆசிரியையாகத் தன் ஊருக்கே, அந்தக் கரைக்கே திரும்பினாள். ஏரி தூர்ந்து போவதையும் தண்ணீர் கெடுவதையும் இரு கரையும் சேர்ந்து ஆராய்ந்து, இரண்டு சர்க்காருக்கும் ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் யோசனை. "ஏரி என்னுதுன்னு ரெண்டு சர்க்காரும் சொல்லும்டி. தூர் வாரணும்னா மட்டும் ஒன்னுதுன்னு கை காட்டும்" என்பாள்.

முதல் கூட்டமே சண்டையில்தான் தொடங்கியது. இங்கே நட்டிருந்த அளவுக்கம்பம் மீட்டர் கணக்கு, அங்கே அடிக்கணக்கு. எங்கள் ஊர் நிலக்காரர் பெருமாள் எழுந்து கத்தினார்: "அவங்க கம்பத்துல ஒம்போது காட்டுது, நம்மளுதுல மூணுகூட நெறையல. நம்ம தண்ணிய அப்படியே இஸ்துக்கினாங்கம்மா!"

"ஒரே ஏரிங்க. அந்தப் பக்கம் மேடாவும் இந்தப் பக்கம் பள்ளமாவுமா தண்ணி நிக்கும்?" என்றாள் வேதவல்லி.

"இங்கிலீஷ்காரன் இன்னா வேணா செய்வான் டீச்சரம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் பெருமாளும் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் எல்லைக்கோட்டிலேயே ஒரே கம்பம் நட்டோம். ஒரு முகத்தில் மீட்டர், மறுமுகத்தில் அடி. அன்று இரு கரை ஆட்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தாங்கிப் பிடித்தார்கள்.

சோதனைக்காக ஏரித் தண்ணீரைச் சீசாக்களில் நிரப்பி என்னிடம் கொண்டுவருவாள். ஒருநாள் நான் சாவடிவரை எதிரே போயிருந்தேன். காவல்காரன் அவளை மறித்தான்.

"சீசாவுல இன்னாம்மா, சாராயமா?"

"ஏரித் தண்ணி."

"ஏரித் தண்ணிய எவனாச்சும் சீசாவுல எடுத்துனு போவானா? யார்ட்ட கத வுடற?"

அவள் மூடியைத் திறந்து நீட்டினாள். முகர்ந்தவன் முகம் சுளித்தான். "சீ, இன்னா நாத்தம்!"

"இதத்தாங்க நாங்க குடிக்கிறோம். அதையும் எழுதிக்கோங்க."

அவன் எழுதவில்லை. எல்லாச் சீசாவையும் மண்ணில் கவிழ்த்தான். திரும்பும்போது அவள், "தண்ணிக்குக் காவல் போட்டவங்க யாரும் தண்ணியப் பாத்ததே இல்லடி" என்றாள். அடுத்த வாரம் மறுபடியும் சீசாக்களோடு வந்தாள்.

ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலில் செத்த மாடுகளைப் போடுகிறார்கள் என்று இரண்டு சர்க்காருக்கும் எழுதிக் கொடுத்தோம். அந்த இடம் மற்றவர் எல்லையில் இருக்கிறது என்று இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. அவளைக் கொன்றது அந்தத் தண்ணீர்தான் என்று நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. அதே ஏரித் தண்ணீர்தான் என் மகளுக்கும். காய்ச்சித்தான் கொடுக்கிறேன், கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு இந்தக் கரையில் இரங்கல் கூட்டம் வைத்தோம். "டீச்சரம்மா மாரி இன்னொருத்தர் வர மாட்டாங்க" என்று பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே மூச்சில், "அவங்களே இல்ல. இனிமே அந்தக் கரை சங்காத்தம் நமக்கு எதுக்கு? நம்ம கம்பத்த நாமே நட்டுக்குவோம்" என்றார். உங்களில் சிலர் கைதட்டினீர்கள். எதிர்க்கரையிலும் இதே பேச்சுதானாம். அவள் உயிரோடு இருக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தீர்களா என்று கேட்க நினைத்தேன். குழந்தை அழுததால் எழுந்து வந்துவிட்டேன்.

அவளுடைய சிரிப்பு எனக்கு வரவில்லை. பிடிவாதத்தில் பாதியாவது ஒட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். மழைக்கு முன்னால் ஏரியை அளந்தாக வேண்டும். ஒரு கரை மட்டும் அளந்து கொடுத்தால் எந்தச் சர்க்காரும் மனுவைப் படிக்காது. எதிர்க்கரையிலிருந்து என்னோடு தண்ணீரில் இறங்க ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.