வெளுத்துத் தெரிந்த அருவி

நிலோபரைப் போலப் பயந்தவளை நான் பார்த்ததில்லை. பல்லி கத்தினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். புருஷன் துபாய்க்கு விமானம் ஏறினால் இவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவர் பேர் ஆசிக். அந்தப் பேரை அவள் வாயால் சொல்லவே மாட்டாள், 'இவுக' தான். "சொன்னா நாக்கு அழுகிருமாட்டி?" என்று கேலி செய்வேன். இப்படிப்பட்டவளைத்தான் குற்றாலத்துக்கு மேலே ஒரு தனியார் அருவியில், வெள்ளம் கண்டுபிடிக்கிற கேமராவுக்குக் காவல் வைத்திருந்தார்கள். நான் மாரிச்செல்வி, அங்கே டிக்கெட் கிழிப்பவள்.

நிலோபர் கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில், பெல்ட்டில் ஓடும் பாட்டில்களின் கீறலைக் கேமராவால் பிடிக்கிற வேலை பார்த்தவள். எனக்கு விளங்காது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருப்பாள். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடமாம், வெளிச்சம் விழுந்து நிறையுமாம். குடத்தை எவ்வளவு நேரம் குழாயடியில் வைக்கிறோமோ அதுதான் எக்ஸ்போஷர். குடம் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் பதியாது, படத்தில் வெறும் வெள்ளைதான். அதற்கு சாச்சுரேஷன் என்று பேர்.

"அதுக்கென்னட்டி இப்போ?"

"செம்மண் வெள்ளம் வந்து தண்ணி செவந்தா கேமரா பார்த்துட்டு சைரன் ஊதும்க்கா. எல்லாமே வெள்ளையாப் போச்சுன்னா செவப்பு எங்கன தெரியும்?"

அந்தச் சனிக்கிழமை ஒரே மூட்டம், சாரல். லீவில் வந்திருந்த ஆசிக் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போயிருந்தார். அப்போது பார்த்து மேனேஜர் ஆவுடைநாயகம் வந்தார். அதே கேமராவின் படம்தான் வாசல் டிவியிலும் ஓடும்.

"என்னம்மா, அருவி அழுக்குத்துணி மாதிரி தெரியுது? பாத்துட்டு ஒருத்தனும் உள்ள வரமாட்டான். வெளிச்சத்தைக் கூட்டு."

"அண்ணாச்சி, அது ஆபத்து."

மனுஷன் மௌஸைப் பிடுங்கி எக்ஸ்போஷரை இழுத்துவிட்டார். படத்தை இன்னும் பளிச்சென்று காட்டுகிற கெயினையும் ஏற்றினார். டிவியில் அருவி பாலாகக் கொட்டியது. "இதைத் தொட்டா நாளைக்கு வேலைக்கு வராத" என்று சொல்லிவிட்டுப் போனார். நாசமாய்ப் போக!

 நிலோபர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆபத்தில்லன்னு பச்சை லைட்டுதான எரியுது? சும்மா இரி" என்றேன்.

"அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுக்கா."

சொல்லி முடிக்கவில்லை, வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு குச்சி விழுந்தது. பின்னாலேயே கொத்துக் கொத்தாகச் சருகு. மலைக்கு மேலே பேய்மழை என்றால் முதலில் சருகுதான் வரும், அது எங்களுக்குத் தெரியாதா?  பச்சை லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேலை போனால் போகிறதென்று எக்ஸ்போஷரைச் சடாரென்று குறைத்தாள். படம் இருண்டது. அந்த இருட்டில் தண்ணீர் செம்மண் குழம்பாக இறங்கிக்கொண்டிருந்தது. "யா அல்லாஹ்!" என்றாள். அப்போதுதான் கேமராவுக்கும் கண் தெரிந்து சைரன் அலறியது.

பெண்கள் பக்கம் கலைந்து ஓடியது. ஆண்கள் பக்கம் ஒருத்தரும் அசையவில்லை. குளித்தது போதும், ஆள் மாறுங்கள் என்பதற்கும் நாங்கள் அதே சைரனைத்தானே ஊதித் தொலைக்கிறோம்! தலையில் எண்ணெய் இருக்கிறவன் லேசில் வெளியே வருவானா?

பல்லிக்குப் பயந்தவள் செருப்பை உதறிவிட்டு வழுக்குப் பாறையில் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். அங்கே எத்தனையோ புருஷன்மார், ஒருத்தரும் திரும்பவில்லை. ஆசிக் அருவிக்கடியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி தலையைக் கொடுத்து நின்றார்.

"ஆசிக்!" என்று அலறினாள். "ஏ ஆசிக்!"

அவர் வெலவெலத்துப்போய் எங்களிடம் ஓடி வந்தார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடி வந்தார்கள். எல்லாரும் படியேறி முடிக்கவும் வெள்ளம் பாறையோடு மோதி இறங்கியது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

ஆசிக்குக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே, வீட்ல யாரோ மவுத்தாயிட்டாங்க, உசுரு போயிருச்சுன்னுல்ல ஓடியாந்தேன். யாருட்டி?"

 அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் பிடித்து நின்ற கம்பி அங்கே இல்லை.