பிரவீனைவிட ஒரு படி மேலே

அன்று செங்கல்பட்டுக் கடைக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். நண்பன் பிரவீன் வரவில்லை, நான்தான் கூப்பிடவில்லை. அவன் தானே பாகங்கள் வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

எனக்கோ மாமல்லபுரம் ஸ்டுடியோ ஒன்றின் கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்யும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும்.

பிரவீன் முன்பே எழுதிக்கொடுத்திருந்த பாகங்களின் பட்டியலில் பிராசசரை மட்டும் மாற்றி, அவனுடையதைவிடப் புதியதாகக் கேட்டேன்.

“இந்த போர்டுக்குச் சேருமான்னு பாத்துகினியா தம்பி?” என்றார் கடைக்காரர்.

“எல்லாம் தெரியும்ணா.”

அம்மா சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

படாளத்தில் வீட்டுக்கு வந்து பிரித்தால், அந்தப் பிராசசர் மதர்போர்டில் உட்காரவே இல்லை. பிரித்த பொருளைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். வேறு வழியில்லாமல் பிரவீனுக்குப் போன் செய்தேன்.

“இன்னா மச்சான், என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவ?” என்றான். திட்டினாலும், தன் கம்ப்யூட்டரிலிருந்த பிராசசரைக் கழற்றி எடுத்து வந்து என்னுடையதில் மாட்டினான். “வேற வாங்கற வரைக்கும் இத்த வச்சுக்க.”

திரை ஒளிர்ந்தது. அம்மா அவனைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துச் சிரித்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது: இப்படிக் கொடுக்க முடிகிறதே என்று அப்போதும் அவன்மேல் பொறாமைதான் வந்தது.

அவன் கம்ப்யூட்டர் இரண்டு மாதம் திறந்தபடி கிடந்தது. பிறகு என் சம்பளத்தில், முதலில் அவன் எழுதித் தந்த அதே பிராசசரை வாங்கினேன். பதினோராயிரத்து இருநூறு ரூபாய்.