கார்பரேட்டருக்கு ஓர் ஊசி

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த பனிக்காலம் அது. கார்பரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடும் ஊசி தேய்ந்துபோயிருந்தது. புதிதாக யாரும் அதைச் செய்வதில்லை. ஒஷாவாவிலிருந்த பழைய சாமான் கடையிலும் கிடைக்காமல், வெறுங்கையோடு ரயிலில் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாகக் கரைந்திருந்தன.

நண்பனுக்குப் போன் எடுத்தேன். "எங்கேயும் அந்த ஊசி இல்லையடா. அது இல்லாட்டி ஆள் எழும்பாது." சொல்லும்போதே குரல் தழுதழுத்துவிட்டது.

எதிரே தூங்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத அன்ரி ஒருவர் என் பேச்சுக் கேட்டுக் கண்விழித்தார். கைப்பையைத் திறந்து, தன் இன்சுலின் ஊசியை என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி, கொண்டு ஓடுங்கோ. நான் வீட்டை போய் வேறை ஊசி போடுறன்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "அன்ரி, அது... காருக்கு."

"காருக்கோ?" ஊசியைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். "அப்ப ஒருத்தருக்கும் நோய் வருத்தம் இல்லைத்தானே?"

"இல்லை அன்ரி."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு விட்பியில் ஒருவரின் கராஜில் ஊசி கிடைத்தது. கார் இப்போது ஓடுகிறது. வழியில் நின்றுவிடும் நாட்களில் முன்புபோல் எனக்குக் கோபம் வருவதில்லை. காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒருத்தருக்கும் நோய் வருத்தம் இல்லைத்தானே என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.