இருநூறு மீட்டருக்கு முன்னால்

ஒரு நாட்டுக்கு ஜனாதிபதி திடீரென்று இல்லாமல் போனால் என்ன செய்வார்கள் என்று கோதண்டபாணி ஐம்பத்து மூன்று வயது வரை யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் கொட்டிவாக்கத்தில் கொரியன் மெஸ் நடத்தும் சோன் மிஜா அம்மாள்.

அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. சென்னைக்கு வந்து பதினான்கு வருஷம். தமிழ் கற்றுக்கொண்டது மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் தாயம்மாவிடம். அதனால் வாயைத் திறந்தால் சைதாப்பேட்டைதான். இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் மார்க்கெட்டுக்கு அவரை அழைத்துப்போகிறவர் கோதண்டபாணி. சொந்த டாக்ஸி, கடன் இன்னும் அடையவில்லை.

அந்த மே மாத ஞாயிறு மெஸ்ஸில் மதியக் கூட்டம் கலைய மூன்றரை ஆகிவிட்டது. முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டு அம்மாள் காரில் ஏறினார்.

"மயிலாப்பூர் போ, பாணி. ராதாகிருஷ்ணன் சாலைல எங்க ஊர் கான்சலேட் ஆபீஸ் கீது. அஞ்சு மணிக்கு மூடிடுவான். இன்னிக்குத்தான் கடைசி."

"இன்னாம்மா அவ்ளோ அவசரம்?"

"ஓட்டு. எங்க ஜனாதிபதிக்கு."

திருவான்மியூர் சிக்னலில் நின்றபோது கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, போன வாட்டி ஓட்டு போட்டு மூணு வருஷந்தான் ஆவுதுன்னு தாயம்மா சொல்லிச்சே. உங்களுக்கும் அஞ்சு வருஷந்தான?"

"அஞ்சுதான். ஆனா கோர்ட்டு அவர வீட்டுக்கு அனுப்பிடுச்சு. அனுப்பினா அறுபது நாளுக்குள்ள எலக்‌ஷன் வைக்கணும். சட்டம்."

"அறுபது நாளா? இங்க ஒரு கவுன்சிலர் செத்தாலே அந்த சீட்டு வருஷக்கணக்கா காலியா கெடக்குது." வண்டி நகர்ந்தது. அவருக்குக் கேள்வி நிற்கவில்லை. "அப்ப புதுசா வர்றவரு மிச்சம் கீற ரெண்டு வருஷத்துக்குத்தானா?"

"இல்ல, முழுசா அஞ்சு. மத்த வாட்டி ஜெயிச்சவங்க ரெண்டு மாசம் தயார் பண்ணிக்கலாம். இவருக்கு அதுவும் இல்ல. ஜெயிச்ச உடனே நாற்காலி."

"கல்யாணம் ஆன அன்னிக்கே ஆபீஸ் போற மாதிரி."

அம்மாள் சிரித்தார். நாற்பது நாளுக்கு முன்பே பெயரைப் பதிவு செய்ததையும், அதைத் தவறவிட்டவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது என்பதையும் சொன்னார். முப்பது வயதில்தான் அவர் ஊரில் ஜனங்களே நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்ப வந்ததாம். அன்றிலிருந்து எட்டுத் தேர்தல். ஒன்றையும் விட்டதில்லை. இது ஒன்பதாவது.

"நீ எப்ப போட்ட?" என்று கேட்டார்.

"எனக்கு ஓட்டு எங்க கீது? சைதாப்பேட்டைல ஆத்தோரம் குடிசைய எடுத்து கண்ணகி நகர்ல வீடு குடுத்தாங்க. இங்க பேர அடிச்சிட்டாங்க, அங்க ஏறல. ரெண்டு எலக்‌ஷன் போச்சு."

அடையாறு பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. மந்தைவெளியைத் தாண்டும்போது மணி நாலரை. அப்போதுதான் கோதண்டபாணிக்கு அது உறைத்தது. கதை கேட்கும் சுவாரசியத்தில் மறந்தே போயிருந்தார்: வண்டியில் இருப்பது வாக்காளர்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தேர்தல் நாளில், முதலாளி சொன்னார் என்று நான்கு கிழவிகளை வேனில் ஏற்றி வாக்குச்சாவடி வாசலில் இறக்கினார். டீசல் காசு வேட்பாளருடையது என்பது அவருக்குத் தெரியாது. பறக்கும் படை வேனைப் பிடித்தது. மூன்று மாசம் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார். 'இருநூறு மீட்டருக்குள்ள வண்டி வரக் கூடாதுன்னு தெரியாதா?' என்று ஒரு போலீஸ்காரர் கேட்டது மட்டும் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"அம்மா, இந்த சவாரிக்கு நீங்கதான காசு குடுக்கறீங்க? எந்தக் கட்சியும் இல்லியே?"

"கட்சி எனக்கு இன்னாத்துக்குக் குடுக்கும்? நான் முள்ளங்கி ஊறுகா வித்து குடுக்கறேன்."

இருந்தாலும் ஆபீஸ் கட்டடம் கண்ணில் பட்டதும் அவர் கால் பிரேக்கில் போய்விட்டது. கண்ணாலேயே தூரத்தை அளந்து, பூட்டியிருந்த ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினார்.

"இதுக்கு மேல வண்டி போவக்கூடாதும்மா. சட்டம்."

சட்டம் என்ற சொல்லுக்கு அம்மாள் மறுபேச்சு பேசுகிறவர் அல்லர். ஊருக்கு ஊர் ஒரு சட்டம் இருக்கத்தான் செய்யும் என்று இறங்கி நடந்தார். வெயில் இன்னும் தணியவில்லை. ஐம்பதடி போவதற்குள் நடை சாய்ந்தது. அடுத்த கடைப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணி நாலு நாற்பத்தெட்டு.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் கோதண்டபாணியைத் தாண்டிப் போனது. உள்ளே ஒரு கொரியக் குடும்பம். கார் நேராகக் கட்டட வாசலுக்குள் திரும்பியது. காவலாளி சலாம் வைத்துக் கதவைத் திறந்தார். யாரும் விசில் ஊதவில்லை, யாரும் நம்பர் குறிக்கவில்லை.

கோதண்டபாணி ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அது வேறு ஊர் எலக்‌ஷன், அவர்கள் சட்டம் வேறாக இருக்கலாம். ரோடு மட்டும் நம்முடையது. வண்டி போனால் சோறு போச்சு. படியில் இருந்த அம்மாள் எழ முயன்று மறுபடி உட்கார்ந்தார்.

காரைக் கிளப்பிப் படியருகே நிறுத்தினார். "ஏறும்மா."

"சட்டம்?"

"அது எங்க சட்டம். உங்களுது வேற போலக் கீது. ஏறு, சொல்றேன்."

வாசலில் காவலாளி குனிந்தார். கோதண்டபாணியின் கை தானாக லைசென்ஸைத் தேடியது.

"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார் காவலாளி.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு லிஃப்ட் மூடியது. ஐந்தைத் தாண்டிப் பத்து நிமிஷம் கழித்து அம்மாள் வெளியே வந்தார். கோதண்டபாணி முதலில் பார்த்தது அவருடைய இடது கை ஆள்காட்டி விரலை. மை இல்லை.

"மூடிட்டாங்களா? என்னாலதாம்மா. நானே நடுரோட்ல இறக்கி வுட்டு..."

அம்மாள் புறங்கையைக் காட்டினார். சிவப்பாகச் சின்ன வட்டம், உள்ளே ஒரு கோடு. "ஓட்டுச்சீட்டுல குத்துற முத்திரை. ஆசைக்கு கைலயும் ஒண்ணு குத்திக்கினேன்."

"அப்ப விரல்ல மை வைக்க மாட்டாங்களா? ரெண்டாவது வாட்டி வந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"பாஸ்போர்ட்ட பாத்து பேர அடிச்சிக்கினான். சீட்ட கவர்ல போட்டு மூடிட்டேன், அது ஊருக்குப் போவும்."

கோதண்டபாணி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அடையாறு பாலத்தில் மறுபடி வண்டிகள் நின்றன. கீழே, கரையில் அவர் குடிசை இருந்த அதே ஆறு.

"அம்மா, நாப்பது நாளுக்கு முன்னால பேர எழுதிக் குடுத்தேன்னீங்களே. அதுல இன்னா இன்னா கேட்டாங்க?"

"பேரு. பொறந்த நாளு. இப்ப எங்க கீற."

"அவ்ளோதானா?"

"எனக்கு அவ்ளோதான். உன் ஓட்டுக்கு இன்னா கேப்பாங்கன்னு போய்க் கேளு. நாளைக்கு மார்க்கெட்டுக்கு தாயம்மா பஸ்ல போவட்டும்."